அக்கா கையில் கொடுத்தனுப்புகிறேன்

கோயம்புத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை மதியம்

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். பெரியம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. நீ நலம்தானா? போன் போட்டால் ஒரு மிஷின் குரல்தான் பேசுகிறது. வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் மட்டும் வருகிறது. அதை வைத்து அம்மாவால் என்ன தெரிந்துகொள்ள முடியும்? அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

அக்கா 14ஆம் தேதி இங்கிருந்து கிளம்புகிறாள். நியூஜெர்சி போய்ச் சேர்ந்த மறுவாரமே ஆபீஸ் வேலையாக உன் சான் பிரான்சிஸ்கோவுக்கு வருகிறாளாம். அவள் பெட்டியில் பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், எள்ளுருண்டை, அப்புறம் இந்தக் கடிதம். இன்னும் இரண்டு பொருள் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

உன் புது விலாசத்தை அவளிடம் கேட்டேன். “ஹெய்ட் பக்கம் எங்கேயோம்மா, நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பழைய வீட்டில் இருக்காங்க” என்றாள். அதற்கு மேல் அவளுக்குத் தெரியவில்லையா, சொல்ல விரும்பவில்லையா, எனக்குப் புரியவில்லை. வேலை விஷயமும் சொன்னாள். அதைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. ஒரு வேலை போனால் இன்னொன்று வரும். அப்பா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். அவருடைய முதல் வருஷத் திதிக்கு நீ வராததுதான் இன்னும் மனதில் கிடக்கிறது. வர முடியாவிட்டால் பரவாயில்லை, ஏன் என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

அக்கா போனில் ஒரு போட்டோ காட்டினாள். முடியை வளர்த்துப் பின்னால் கட்டியிருக்கிறாய். முடி எனக்குப் பெரிய விஷயமில்லை. கழுத்தெலும்பு தெரிகிறது. மற்றவர்கள் எல்லோரும் அரைக்கைச் சட்டையில் இருக்க, நீ மட்டும் மணிக்கட்டு வரை மூடின சட்டை போட்டிருக்கிறாய். உன் ஊரில் கோடையிலும் பனிமூட்டம் வந்து குளிரும், தெரியும். அந்தப் பச்சை ஸ்வெட்டர் இருக்கிறதா? வேளைக்குச் சாப்பிடு.

ஹெய்ட் என்ற பெயரை அவள் சொன்னதும் நான் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டேன். அவளுக்குக் காரணம் தெரியாது. உனக்கும் தெரியாது. 2014இல் நானும் அப்பாவும் உன்னிடம் வந்திருந்தபோது நீ எங்களை அந்தத் தெருவுக்குக் கூட்டிப்போனாய். அறுபதுகளில் ஹிப்பிகள் வந்து கூடின பேட்டை அது. ஹெய்ட் தெருவும் ஆஷ்பரி தெருவும் சந்திக்கிற முக்கில் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து ஆஷ்பரி தெரு மேட்டில் ஏறி, 710ஆம் எண் வீட்டு வாசலில் நின்றோம். கிரேட்ஃபுல் டெட் பாட்டுக்காரர்கள் 1966, 67இல் குடியிருந்த வீடு என்று நீ சொன்னாய். அந்தக் குழுவின் ஜெர்ரி கார்சியாவுக்கு வலது கை நடுவிரலில் மூன்றில் இரண்டு பங்கு கிடையாது, நாலு வயதில் அண்ணன் விறகு வெட்டும்போது தம்பி விரலில் கோடாலி பட்டுவிட்டது, அந்தக் கையோடுதான் அவர் அப்படி கிடார் வாசித்தார் என்றும் சொன்னாய். எனக்கு அழுகை வந்தது. “என்னம்மா, கால் வலிக்கிறதா?” என்று கேட்டாய். ஆமாம் என்றேன். கால் வலிக்கவில்லை கண்ணு.

அந்த வீட்டைப் பற்றி எனக்கு உன் மாமா 1968லேயே சொல்லியிருந்தான்.

மாமா காட்மாண்டுவில் காமாலையில் போனார் என்றுதான் உங்கள் இருவருக்கும் சொல்லி வளர்த்தோம். ஆடி அமாவாசைக்கு இலை போடும்போது அப்புச்சி இலைக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன இலை போடுவேனே, யாருக்கு என்று நீ கேட்டதில்லை. கேட்காதது உன் நல்ல குணம் என்று நினைத்துக்கொள்வேன்.

அவன் மெட்ராஸில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான். லீவுக்கு வரும்போது பெட்டியில் துணிக்குப் பதிலாக ஜூனியர் ஸ்டேட்ஸ்மேன் பத்திரிகைகளும் ரெக்கார்டுகளும்தான் இருக்கும். மூர் மார்க்கெட்டில் பழைய ரெக்கார்டு கடைகளைச் சுற்றி வாங்குவான். ராத்திரி அப்புச்சி தூங்கின பிறகு மர்ஃபி ரேடியோவின் சத்தத்தைக் குறைத்து, இரண்டு பேரும் துணியில் காதை வைத்து சிலோன் ரேடியோவின் ஆங்கிலப் பாட்டுக் கேட்போம். எனக்கு அப்போது 15 வயது. பாதி வார்த்தை புரியாது. அவன் ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் சொல்வான்.

பீட்டில்ஸின் அந்த எல்பியை, பேண்டு வாத்தியச் சட்டை போட்டு நாலு பேரும் கூட்டத்தோடு நிற்கிற அட்டை, 1967இல் வந்தது, அதை அவன் வீட்டுக்குக் கொண்டுவந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. இரண்டாவது பக்கத்தின் முதல் பாட்டை வைத்தான். தம்புரா, தில்ரூபா, தபலா. ஜார்ஜ் ஹாரிசன் மட்டும்தான் அதில் பாடுகிறார், மற்ற மூன்று பேரும் இல்லை. “இது என்ன ராகம், வீணையில் பிடிச்சுச் சொல்லு பார்க்கலாம்” என்றான். நான் வீணையை எடுத்து, ஊசியைத் திரும்பத் திரும்பத் தூக்கி வைக்கச் சொல்லி, கடைசியில் ஹரிகாம்போதி மாதிரி இருக்கு என்றேன். அவர்கள் கணக்கில் அது கமாஜ். ஸ்வரம் ஒன்றுதான். அவனுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! “லண்டன்ல ஒருத்தன் ஹரிகாம்போதி பாடறான், நம்ம வீட்டுல ஒருத்தி கண்டுபிடிச்சுட்டா” என்று அம்மாயியிடம் போய்ச் சொன்னான். அம்மாயி அடுப்படியில் இருந்தபடியே, சாப்பிட வா என்றாள்.

அந்த ரெக்கார்டின் முதல் பக்கத்தில் இன்னொரு பாட்டு இருக்கிறது. ஒரு பெண் விடியற்காலையில் அம்மா அப்பாவுக்குச் சீட்டு எழுதி வைத்துவிட்டு வீட்டை விட்டுப் போகிறாள். 17 வயதுப் பெண் காணாமல் போனதாகப் பத்திரிகையில் வந்த செய்தியைப் படித்துவிட்டு பால் மெக்கார்ட்னி எழுத ஆரம்பித்த பாட்டு. அதில் பீட்டில்ஸ்காரர்கள் ஒரு வாத்தியமும் வாசிக்கவில்லை. வயலின் வகைத் தந்தி வாத்தியங்களும் ஹார்ப்பும்தான். பெற்றவர்களின் புலம்பலை ஜான் லென்னன் பாடுகிறார். அம்மாக்காரி மாடிப்படி உச்சியில் தனியாக நின்று அந்தச் சீட்டைப் படிக்கிற இடம் ஒன்று வரும். சின்ன வயதில் எனக்கு அந்தப் பெண்ணின் மேல்தான் பிரியம். நல்ல வேளை, தப்பித்துப் போனாள் என்று நினைப்பேன். இப்போது அந்த மாடிப்படியைத் தாண்டி என்னால் போக முடிவதில்லை. அந்தக் காலத்து இளவட்டப் பாட்டுகளில் பெற்றவர்களுக்கும் ஒரு குரல் கொடுத்த பாட்டு என்று எனக்கு இது ஒன்றுதான் தெரியும். அதற்காகவே அவர்களை நான் கும்பிடுவேன்.

நீ நினைக்கிற மாதிரி அம்மா அந்த ஹிப்பிகளை வெறுப்பவள் இல்லை. அப்புச்சி வெறுத்தார். எனக்கு அவர்களில் பலரைப் பிடிக்கும். வியட்நாம் போருக்குப் பிள்ளைகளைப் பிடித்துப் பிடித்து அனுப்பிக்கொண்டிருந்த நாட்டில், போக மாட்டோம் என்று சொல்லத் துணிச்சல் வேண்டும். நீ என்னை நடக்கக் கூட்டிப்போனாயே, பான்ஹேண்டில் பூங்கா, அங்கே டிக்கர்ஸ் என்று ஒரு கூட்டம் 1966இல் தினமும் சாயங்காலம் சாப்பாடு போட்டது. காசு கிடையாது, கேள்வி கிடையாது, ஒரு கிண்ணம் கொண்டுவந்தால் போதும். கோதுமை ரொட்டியைக் காலி காபி டின்களில் வைத்துச் சுட்டார்களாம். டின் வாயை மீறி மாவு காளான் மாதிரி உப்பி வந்துவிடுமாம். இதை எங்கோ படித்த அன்று நான் அம்மாயியின் பழைய டின்னில் சுட்டுப் பார்த்தேன். அடி கருகினாலும் உள்ளே நன்றாக வெந்திருந்தது. அவர்கள் எத்தனை பேருக்குச் சுட்டிருப்பார்கள், நினைத்துப் பார்.

அப்புறம் 1967 கோடை. தலையில் பூ வைத்துக்கொண்டு சான் பிரான்சிஸ்கோவுக்கு வாருங்கள் என்று ஒரு பாட்டு. மான்டெரே இசை விழாவுக்கு ஆள் சேர்க்க எழுதினது. உலகம் பூராவும் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த விழாவில் ரவிசங்கர் ஒரு மதியம் முழுக்கத் தனியாக மூன்று மணி நேரத்துக்கு மேல் வாசித்தார். பீம்பளாஸி வாசித்தார், நம் ஆபேரிக்குப் பக்கத்து வீடு. வாசிக்கும்போது யாரும் புகைக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். போதையில் கேட்கிற சங்கீதம் இல்லை இது என்று எத்தனையோ மேடையில் சொன்னவர் அவர். பாட்டை மட்டும் கேளுங்கள் என்றார், அவ்வளவுதான். மாமாவிடம் நான் இதைச் சொன்னதில்லை. எனக்கே அப்போது தெரியாது.

அந்தக் கோடையில் ஏறக்குறைய ஒரு லட்சம் பிள்ளைகள் அந்தச் சின்னப் பேட்டையில் வந்து இறங்கின. பாதிப் பேருக்குக் குளிர் தாங்கும் உடுப்பு இல்லை. கலிபோர்னியா வெயில் என்று நம்பி வந்த குழந்தைகள். படுக்க இடம் இல்லை, சாப்பாடு இல்லை. ஜார்ஜ் ஹாரிசனே ஆகஸ்டில் அங்கே போனார். நல்ல மனசுள்ள, விழித்துக்கொண்ட ஒரு கூட்டத்தைப் பார்க்கலாம் என்று போனவர், தெருவில் போதையில் கிடந்த பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அதோடு எல்எஸ்டி என்ற போதை மருந்தை விட்டேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஒருவர் எல்லாம் பார்த்தும், விட முடியும் என்று எனக்குக் காட்டினது அதுதான் கண்ணு. பெரிய சத்தியம் எதுவும் செய்யவில்லை. போதும் என்றார், விட்டார்.

அக்டோபர் 6ஆம் தேதி அந்தத் தெருவாசிகளே ‘ஹிப்பி செத்துவிட்டான்’ என்று ஒரு சவப்பெட்டியைத் தூக்கி ஊர்வலம் போனார்கள். இனிமேல் யாரும் இங்கே வராதீர்கள், இருக்கிற ஊரிலேயே இருங்கள் என்பதற்காக. அந்தச் செய்தி மட்டும் கோயம்புத்தூருக்கு வரவே இல்லை. பூ வைத்துக்கொண்டு வாருங்கள் என்ற பாட்டு வந்தது.

அந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்தது இரண்டு இடம். ஒன்று, 1967 ஜூன் 7ஆம் தேதி டேவிட் ஸ்மித் என்ற சின்ன வயது டாக்டர் ஒரு மாடியில் ஆரம்பித்த இலவச ஆஸ்பத்திரி. யார் நீ, என்ன சாப்பிட்டாய், ஏன் சாப்பிட்டாய் என்று திட்டாமல் வைத்தியம் பார்த்தார்கள். வைத்தியம் உரிமை, சலுகை இல்லை என்பதுதான் அவர்களுடைய பேச்சு. அந்த மாதிரி இடங்கள் இன்றைக்கும் உன் ஊரில் இருக்கத்தான் செய்யும். உன் நண்பர்கள் யாருக்காவது தேவைப்பட்டால், கூட்டிப்போ. கூடப் போக ஆள் இருந்தால் வாசல்படி ஏறுவது சுலபம்.

இரண்டாவது, ஹக்கிள்பெரி ஹவுஸ். வீட்டை விட்டு ஓடிவந்த பிள்ளைகளுக்காக அதே ஜூனில் திறந்த வீடு. ஓடிவந்த குழந்தையைப் படுக்க வைத்து, சோறு போட்டு, பிறகு பெற்றவர்களுக்குப் போன் போடுவார்கள். உங்கள் பிள்ளை இங்கே இருக்கிறது, ராத்திரி தங்க அனுமதி கொடுங்கள் என்று கேட்பார்கள். ஸ்விட்ச்போர்டு என்று இன்னொரு இடமும் அங்கே இருந்தது. அம்மா அப்பா போன் செய்து சேதி சொன்னால் எழுதி வைத்துக்கொண்டு, பிள்ளை அந்தப் பக்கம் வந்தால் சேதியைச் சேர்ப்பார்கள். இதையெல்லாம் படிக்கும்போது, அந்தப் போன் மணி அடித்தவுடன் எடுத்த அம்மாக்களை நினைத்துக்கொள்வேன். சேதி இல்லாத வீட்டில் எந்த மணி அடித்தாலும் நெஞ்சு பதறும்.

ஜானிஸ் ஜாப்ளின் இருந்தாளே, தொண்டை கிழியப் பாடுவாள், அவளும் அந்தப் பேட்டையில் இருந்தவள்தான். முதல் தடவை சான் பிரான்சிஸ்கோ போய் ஊசியும் பவுடருமாக எலும்பும் தோலுமாகிவிட்டாள். 1965இல் கூட இருந்தவர்கள் பஸ்ஸுக்குக் காசு சேர்த்து டெக்சாஸுக்கு அனுப்பி வைத்தார்கள். ஒரு வருஷம் வீட்டில் இருந்தாள். 1966இல் மறுபடி போனாள். அங்கிருந்து அம்மா அப்பாவுக்கு எழுதின கடிதங்களை அவளுடைய தங்கை பின்னாளில் புத்தகமாகப் போட்டாள். முதல் கடிதத்திலேயே பயந்து பயந்துதான், இங்கே வந்துவிட்டேன் என்ற செய்தியைச் சொல்கிறாள். உலகமே கைதட்டுகிற காலத்திலும் வீட்டுக்கு எழுதினாள். இத்தனை சம்பாதிக்கிறேன், இந்தத் துணி வாங்கினேன், என்னைப் பற்றிப் பத்திரிகையில் வந்திருக்கிறது, அனுப்புகிறேன், ஏன் நீங்கள் பதில் போடவில்லை என்று. 1970 அக்டோபர் 4ஆம் தேதி ஹாலிவுட்டில் ஒரு விடுதி அறையில் போய்விட்டாள். 27 வயது. அதற்கு 16 நாள் முன்பு கிடார்க்காரர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், அவருக்கும் 27.

ஜானிஸ் கெட்டுப்போனாள் என்று சொல்ல இதை எழுதவில்லை. அவள் வீட்டுக்கு எழுதினாள் என்று சொல்லத்தான். நீயும் ஒரு வரி எழுது. நல்ல சேதிதான் எழுத வேண்டும் என்று இல்லை.

வேளைக்குச் சாப்பிடு. வாரத்துக்கு ஒரு நாள் தலைக்கு எண்ணெய் வை. ராத்திரி ரொம்ப நேரம் விழித்திருக்காதே.

உன்னைப் பற்றி நான் ரேஸ்கோர்ஸ் நடையில் பேசாத நாள் இல்லை. இந்தத் தெருவிலேயே கிடாரும் வாசித்து, பிளஸ் டூவில் மாவட்டத்தில் பெயரும் எடுத்த ஒரே பிள்ளை நீ. நீ முதல் மாதச் சம்பளத்தில் வாங்கித் தந்த கம்பியைத்தான் இன்றைக்கும் என் வீணையில் மாட்டியிருக்கிறேன். அவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளை, அம்மாவுக்குப் பதில் சொல்ல மட்டும் நேரமில்லை என்றால் நான் என்ன நினைக்கட்டும்? சரி, விடு.

1969இல் உட்ஸ்டாக் இசை விழா. பெத்தேல் என்ற ஊரில் ஒரு பால்பண்ணை, 4 லட்சம் பேருக்கு மேல். சாலையெல்லாம் அடைத்துப் போய், மழையும் சேறும். சோறு தீர்ந்தபோது அக்கம்பக்கத்து ஊர்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாண்ட்விச் செய்து அனுப்பினார்கள். ஆகஸ்ட் 15ஆம் தேதி அந்த விழாவின் தொடக்கத்தில் மேடையேறிப் பேசியவர் யார் தெரியுமா? நம் செட்டிபாளையத்தில் பிறந்த சச்சிதானந்த சாமி. ஹெலிகாப்டரில்தான் கொண்டுவந்து இறக்க முடிந்தது. காவி உடுத்து உட்கார்ந்து, ஒலியின் சக்தியைப் பற்றிப் பேசி, அத்தனை பேரையும் ஹரி ஓம் சொல்ல வைத்தார்.

மாமா இதை எங்கோ படித்துவிட்டு பஸ்ஸேறி ஊருக்கே வந்துவிட்டான். “அப்பா, உட்ஸ்டாக்கில் நம்ம செட்டிபாளையத்துச் சாமி பேசியிருக்காருப்பா” என்று மூச்சு வாங்கச் சொன்னான். அப்புச்சிக்கும் தனக்கும் பொதுவாக ஒன்று கிடைத்துவிட்டது என்று நம்பி அத்தனை தூரம் வந்தான். அப்புச்சி மில் கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல், “முடியை வெட்டிக்கிட்டு வா, பேசலாம்” என்றார். அவன் வெட்டவில்லை. அவர் பேசவில்லை. 1971இல் கடைசி வருஷப் பரீட்சை எழுதாமல், மகாபலிபுரத்தில் பழக்கமான இரண்டு வெள்ளைக்காரர்களோடு கோவா போனான். அங்கிருந்து காட்மாண்டு. அந்த வருஷம்தான் தேவ் ஆனந்தின் அந்த இந்திப் படமும் வந்தது. காட்மாண்டு ஹிப்பிகளிடம் போய்விட்ட தங்கையைத் தேடி அண்ணன் போவான். தியேட்டரில் எல்லோரும் பாட்டுக்குத் தாளம் போட்டார்கள். எனக்கு மட்டும் அந்த ஊரின் தெருக்களில் கூட்டத்துக்குள் அவன் முகம் தெரிகிறதா என்றுதான் கண் தேடியது. படத்தில் தேடிப் போனது அண்ணன். நம் வீட்டில் தேடிப் போக வேண்டியவள் தங்கை.

போகவில்லை என்பது உனக்குத் தெரியும். இதற்கு மேல் எழுதப் போவது உன் அப்பாவுக்கும் தெரியாது.

1976 தை மாதம், நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்து விலாசத்துக்கு ஒரு கடிதம் வந்தது. வீட்டுக்குப் போட்டால் அப்புச்சி கிழித்துவிடுவார் என்று அங்கே போட்டிருக்கிறான். ஸ்டாஃப் ரூமில் நின்றபடியே படித்தேன். பத்து மாதமாக எதையும் தொடவில்லை, உடம்பு தேறிவிட்டது என்று எழுதியிருந்தான். ஃப்ரீக் ஸ்ட்ரீட்டில் இருந்த கஞ்சாக் கடைகளையெல்லாம் 1973லேயே மூடிவிட்டார்கள், கூட இருந்த வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராக ஊர் திரும்பிவிட்டார்கள், ஒரு லாட்ஜில் கணக்கு எழுதுகிறேன். அப்பாவிடம் நீ சொல்லு. ‘வா’ என்று ஒரு வரி போடு, ரயிலேறிவிடுகிறேன். அந்த ரெக்கார்டு பத்திரமா?

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் உன் அப்பா வீட்டிலிருந்து என்னைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பெண்ணுடைய அண்ணன் எங்கே என்று உன் அப்பத்தா கேட்டார்கள். பம்பாயில் வேலை, லீவு கிடைக்கவில்லை என்று அப்புச்சி சொன்னார். நான் காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். எனக்கு உன் அப்பாவைப் பிடித்திருந்தது. வேறு இரண்டு இடம் மாமா பேச்சு அடிபட்டே தட்டிப்போயிருந்தது. இப்போது இவன் தாடியும் முடியுமாக வாசலில் வந்து நின்றால் இதுவும் போய்விடும் என்று பயந்தேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை. யாரும் என்னைத் தடுக்கவில்லை. அப்புச்சிக்குக் கடிதம் வந்ததே தெரியாது. அம்மாயிக்குக்கூட நான் சொல்லவில்லை. கடிதத்தை நாலாக மடித்து வீணைப் பெட்டியின் பட்டுத் துணிக்கு அடியில் வைத்தேன்.

கல்யாணம் முடியட்டும், உடனே எழுதலாம் என்று நினைத்தேன். வைகாசியில் கல்யாணம். அப்புறம் ஆடி, அப்புறம் தீபாவளி. புது வீட்டில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. 1977 மார்ச்சில்தான் எழுதினேன். ‘வா’ என்று ஆரம்பித்து நாலு பக்கம் எழுதினேன். அது முத்திரை மேல் முத்திரையாகத் திரும்பி வந்தது. மறுவருஷம் காமாலை என்று சேதி வந்தது. பத்து மாதம் விட்டிருந்தவன் மறுபடி ஊசியைத் தொட்டானா, எப்போது தொட்டான், என் பதிலுக்கு எத்தனை நாள் தபாலாபீசில் போய் நின்றுவிட்டுத் தொட்டான், இதைத்தான் நான் இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அம்மாயி சாகிற வரை வாசல் லைட்டை அணைக்க விடாததற்கும், கரண்ட் பில்லுக்காக அப்புச்சி சத்தம் போட்டதற்கும் நீ சாட்சி. அந்த லைட்டின் கீழ் நான் எத்தனை தடவை போய் வந்திருப்பேன், வாயைத் திறக்கவில்லை.

ஆஷ்பரி தெருவில் நீ அந்த விரல் கதையைச் சொன்னபோது எனக்கு இதுதான் வந்தது. அந்த அண்ணனும் சின்னப் பையன், கோடாலி கை தவறிப் பட்டது. எனக்கு 23 வயது. நான் கை தவறிச் செய்யவில்லை.

இப்போது புரிகிறதா, உன் அக்கா முன்னால் நான் ஏன் ஒன்றும் கேட்காமல் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன் என்று. நான் உன்னிடம் எதையும் விசாரிக்க வரவில்லை கண்ணு. அந்தத் தகுதி எனக்கு இல்லை. நீ என்ன எழுதினாலும் அன்றைக்கே பதில் போடுவேன். வா என்று கேட்டால் வருகிறேன், பாஸ்போர்ட்டுக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கிறது, விசாவும் இருக்கிறது. வருகிறேன் என்றால் வா, உன் அறையை நேற்றே ஒட்டடை அடித்துவிட்டேன். மெத்தையை வெயிலில் போட்டிருக்கிறேன். தெருவில் யார் என்ன கேட்டாலும் நான் சொல்லிக்கொள்கிறேன்.

பெட்டியில் இன்னும் இரண்டு பொருள் என்றேனே. ஒன்று அந்த ரெக்கார்டு. அட்டை ஓரத்தில் செல்லரித்திருக்கிறது, தட்டு நன்றாகவே இருக்கிறது. முதல் பக்கத்துப் பாட்டில் மாடிப்படி வருகிற இடத்தில் ஒரு கீறல் உண்டு, அங்கே ஊசி குதிக்கும், அது மாமா காலத்திலேயே விழுந்தது. இரண்டாவது பக்கத்திலிருந்து வை.

இன்னொன்று மாமாவின் கடிதம். காப்பி எடுக்கவில்லை, அதையேதான் அனுப்புகிறேன். நாலாவது மடிப்பில் கிழிந்திருக்கிறது. மேசை மேல் வைத்து, மெதுவாகப் பிரி.

அன்புடன்,
அம்மா